டபிள்யூ.எம்.எல். முதல் எச்.டி.எம்.எல். 5 வரை: செல்போன் திரையில் ஒரு மாவட்டம்

இணையப் பக்கம் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் வெறும் எழுத்துக் கோப்புதான். எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை, எதைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும் என்பதைப் பிரவுசருக்குச் சொல்ல, எழுத்துக்கு இடையிடையே ‘டேக்’ எனப்படும் குறிகளைச் செருகுகிறார்கள். இந்தக் குறிகளுக்கான இலக்கணமே மார்க்கப் மொழி. செல்போனுக்கான மார்க்கப் மொழி கடந்த கால் நூற்றாண்டில் இரண்டு முறை அடியோடு மாறிவிட்டது. முதலில் டபிள்யூ.எம்.எல்., பிறகு எக்ஸ்.எச்.டி.எம்.எல். மொபைல் புரொஃபைல், இப்போது எச்.டி.எம்.எல். 5. மொழி மாறும்போதெல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்த பக்கங்களைப் புதிய முறைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்தின் தளம், திண்டிவனம் நகராட்சியின் பக்கங்கள், ஊர்ப்புறப் பள்ளி, கல்லூரி, கடைகளின் தளங்கள் என எதுவும் இதற்கு விலக்கில்லை.

செல்போனுக்கென்றே வந்த தொடக்ககால மொழிகளில் ஒன்று டபிள்யூ.எம்.எல். எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்டு பிளானட் ஆகிய நான்கு நிறுவனங்கள் செல்போனுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ‘வாப்’ நெறிமுறைக்காக 1997இல் தொடங்கிய வாப் மன்றம் இதை வகுத்தது. 1999இல் விற்பனைக்கு வந்த நோக்கியா 7110 இந்த மொழியைப் படிக்கத் தெரிந்த தொடக்ககாலப் போன்களில் ஒன்று. சில வரிகள் மட்டுமே கொள்ளும் கறுப்பு வெள்ளைத் திரை. தட்டெழுத எண் பொத்தான்களை விட்டால் வேறில்லை. அதனால் ஒரு திரை அளவுக்கான எழுத்தை ‘கார்டு’ என்றும், பல கார்டுகள் அடங்கிய கட்டை ‘டெக்’ என்றும் பிரித்தார்கள். கட்டு முழுவதும் ஒரே தடவையில் போனுக்குள் இறங்கிவிடும். அதற்குள் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக மறுபடி நெட்வொர்க் தேவைப்படாது. அந்தப் போன் ஏற்றுக்கொண்ட கட்டின் அளவு, சுருக்கிய வடிவில், சுமார் 1,400 பைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சிறு படம்கூட இதைப்போல் பல பத்து மடங்கு இருக்கும்.

அடுத்த கட்டம் எக்ஸ்.எச்.டி.எம்.எல். மொபைல் புரொஃபைல். உலக வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி 2000 டிசம்பரில் எக்ஸ்.எச்.டி.எம்.எல். பேசிக் என்ற சுருக்க மொழியை வெளியிட்டது. வாப் மன்றம் அதன்மேல் சில வசதிகளைச் சேர்த்துத் தன் இரண்டாம் தலைமுறைத் தரத்தில் வைத்துக்கொண்டது. நிறமும் படமும் வந்தன. பக்க அழகுக்கான விதிகளை ‘ஸ்டைல் கோப்பு’ என்ற தனிக் கோப்பில் எழுத முடிந்தது. ஆனால் இந்த மொழி மிகவும் கறாரானது. திறந்த டேக் ஒன்றை மூட மறந்தாலும், விதிப்படி நடக்கும் பிரவுசர் பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்டும். டபிள்யூ3சி 2008 ஜூலையில் வெளியிட்ட செல்போன் வலை வழிகாட்டி, மிகச் சாதாரணப் போனையும் மனத்தில் வைத்துச் சில எல்லைகளை வகுத்தது: திரையின் அகலம் குறைந்தது 120 புள்ளிகள், படங்கள் உட்பட ஒரு பக்கத்தின் மொத்த எடை 20 கிலோபைட்டுக்குள், எழுத்துக்கு யுடிஎஃப்-8 குறியேற்றம். அந்த மொழி காலாவதியாகிவிட்டாலும் எடையைப் பற்றிய அந்த அறிவுரை இன்றும் பொருந்துகிறது. திண்டிவனத்தைத் தாண்டி, சிக்னல் மெலியும் உள்கிராமங்களுக்குள் போனால் ஏன் என்று புரியும்.

எக்ஸ்.எச்.டி.எம்.எல். காலத்தில்தான் ஒரே நிறுவனம் இரண்டு தளங்களை நடத்தும் வழக்கம் பரவியது: கம்ப்யூட்டருக்கு ஒன்று, முகவரியின் முன்னால் ‘எம்’ என்ற எழுத்து சேர்ந்த செல்போன் தளம் இன்னொன்று. கேட்பது எந்தப் போன் என்று சர்வர் பார்த்து, அதற்கேற்ற தளத்துக்கு ஆளைத் திருப்பிவிடும். போன் வகைகள் பெருகப் பெருக இந்தக் கணிப்பு தவறத் தொடங்கியது. கம்ப்யூட்டர் தளத்தில் திருத்திய செய்தி செல்போன் தளத்தில் திருத்தப்படாமலே கிடந்தது. இரண்டு பிரதிகளையும் ஒன்றுபோல் வைத்திருக்கப் பெரிய செய்தி நிறுவனங்களே திணறின. ஒரு நகராட்சியிடமோ கல்லூரியிடமோ அதற்கு ஆள் கிடையாது.

தமிழ் வாசகருக்கு இதற்கும் முன்பாக ஒரு தடை இருந்தது. அன்றைய பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த நாள்களில் ஓப்பரா மினி பிரவுசர் பெரிய உதவியாக இருந்தது. முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா கான்ஃபிக்’ என்று தட்டினால் மறைவான அமைப்புப் பக்கம் ஒன்று திறக்கும். சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பவா என்று கேட்கும் வரிக்கு நேரே ‘ஆம்’ என்று மாற்றிவிட்டால் போதும். ஓப்பராவின் சர்வர் தமிழை வரைந்து, சுருக்கி, படத் துணுக்குகளாக அனுப்பிவிடும். நண்பருக்கு நண்பர் சொல்லிக்கொடுத்தே பரவிய வழி இது. எழுத்தைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது என்றாலும், சாதாரண நோக்கியா போனில் தமிழ்ச் செய்தி படிக்க முடிந்தது. ஓப்பரா மினி பக்கங்களைச் சர்வரிலேயே சுருக்கி அனுப்பியதால் பணமும் மிச்சமானது. கிலோபைட் கணக்கில் கட்டணம் போன காலம் அது.

2007இல் ஐபோனும், அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டும் வந்தபோது, கம்ப்யூட்டரில் ஓடுவதற்கு நிகரான பிரவுசர் போனுக்குள்ளேயே வந்துவிட்டது. செல்போனுக்குத் தனி மொழி வேண்டிய அவசியம் அத்துடன் தீர்ந்தது. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில் புதிய முறையை முன்வைத்தார்: பக்கம் ஒன்றே இருக்கட்டும், திரையின் அகலத்தைப் பார்த்து அதன் அடுக்கு மட்டும் மாறட்டும். ‘ரெஸ்பான்சிவ்’ என்று அவர் வைத்த பெயரே நிலைத்தது. 2014 அக்டோபர் 28 அன்று எச்.டி.எம்.எல். 5 டபிள்யூ3சியின் முழுப் பரிந்துரை ஆனது. செல்போனில் ஒழுங்காகத் தெரியும் பக்கங்களைச் செல்போன் தேடலில் முன்னே கொண்டுவரப்போவதாக 2015 பிப்ரவரியில் அறிவித்த கூகுள், ஏப்ரலில் அதைச் செய்தும் காட்டியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் பல வீடுகளில் இணையத்தோடு முதல் பழக்கமே செல்போன் வழியாகத்தான் ஏற்பட்டது. மேசைக் கம்ப்யூட்டரை மனத்தில் வைத்துக் கட்டிய தளங்கள் அந்த வீடுகளுக்குப் பயன்படவில்லை.

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் தளத்தை, மற்ற மாவட்டங்களில் போலவே, தேசிய தகவலியல் மையத்தின் மாவட்டப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் நாட்டின் மாவட்டத் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கைவேலையாக இருந்தன. பக்கத்தைக் கட்டம் பிரிக்க அட்டவணை, எழுத்துக்கு நிறம் கொடுக்க ஃபான்ட் டேக், அறிவிப்பு ஓட மார்க்கீ, இன்ன பிரவுசரில் இன்ன திரை அளவில் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று அடியில் ஒரு வரி. இந்த நிலையை மாற்ற 2009இல் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறை வந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. 2010களின் பிற்பகுதியில் தேசிய தகவலியல் மையம் ‘எஸ்3வாஸ்’ என்ற பொதுத் தளமேடையை அமைத்து, மாவட்டத் தளங்களை அதன்மேல் ஏற்றியது. விழுப்புரம் தளமும் இப்போது அதில்தான் இயங்குகிறது.

இந்த ஏற்பாட்டின் பலன் பெரியது. மார்க்கப், பாதுகாப்பு, செல்போன் அடுக்கு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சரிசெய்தால் நூற்றுக்கணக்கான மாவட்டங்களுக்கு அது போய்ச் சேர்கிறது. விழுப்புரத்து அலுவலர் டேக் எழுதக் கற்க வேண்டியதில்லை. செய்தியை இட்டால் போதும். தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே அமைப்பு. எழுத்தைப் பெரிதாக்கவும் நிற வேறுபாட்டைக் கூட்டவும் மேலேயே பொத்தான்கள். செல்போனில் பட்டியல் ஒரு பொத்தானுக்குள் மடங்கிக்கொள்கிறது. ஆனால் பொதுமேடை கொடுப்பது சட்டகத்தை மட்டும்தான். உள்ளே ஊற்றும் செய்தி பழைய வடிவத்திலேயே இருந்தால் சட்டகம் எத்தனை புதிதானாலும் பயன் குறைவு. இடமாற்றத்தின் கடினமான பகுதி உள்ளடக்கம்தான் என்பதை எங்கும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த நிலக்கடலை, எள் ரகங்கள் ‘டி.எம்.வி.’ என்ற முன்னெழுத்துடன் விவசாயிகளிடம் புழங்குகின்றன, டி.எம்.வி. 7 நிலக்கடலையைக் கேள்விப்படாத கடலை விவசாயி இந்த வட்டாரத்தில் அரிது. இப்படிப்பட்ட ரகங்களை ஒப்பிடும் பழைய பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரகம், வயது, பருவம், மானாவாரி மகசூல், இறவை மகசூல், எண்ணெய்ச் சத்து என ஆறு பத்திகள் கொண்ட அட்டவணை. பக்கம் முழுவதுமே இன்னொரு பெரிய அட்டவணைக்குள் இருக்கும். அதன் அகலம் இத்தனை புள்ளி என்று கட்டிப்போட்டிருக்கும்.

முதல் வேலை கோப்பின் தலைப்பகுதியில். பழைய மொழிகளில் பக்கத்தின் முதல் வரியாக நீண்ட ஆவண அறிவிப்பு இருக்கும். எச்.டி.எம்.எல். 5இல் அது இரண்டே சொல். அடுத்து எழுத்துக் குறியேற்றம்: யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பு கோப்பின் முதல் 1,024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. பிறகு, இந்தப் பக்கம் தமிழ் என்று சொல்லும் மொழிக் குறிப்பு. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். கடைசியாக வியூபோர்ட் வரி. இது இல்லாவிட்டால் போன் தன்னை 980 புள்ளி அகலக் கம்ப்யூட்டர் திரையாகப் பாவித்து, பக்கம் முழுவதையும் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவாகிவிடும். அகலத்தைப் போனின் உண்மையான அகலத்துக்குச் சமமாக வை என்று இந்த ஒரே வரி சொல்கிறது. பக்கத்தைப் பெரிதாக்கவே விடாதே என்று இதே வரியில் சேர்த்து எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. கண்பார்வை குறைந்த முதியவருக்கு அது அநீதி, சேர்க்கக் கூடாது.

அடுத்தது உடல் பகுதி. வெளி அட்டவணை போக வேண்டும். அட்டவணை டேக் உண்மையான அட்டவணைக்கு மட்டுமே. ஃபான்ட், சென்டர், மார்க்கீ ஆகியவை எச்.டி.எம்.எல். 5இல் வழக்கொழிந்தவை. பிரவுசர்கள் இன்னும் பொறுத்துக்கொள்கின்றன என்பதற்காக அவற்றை வைத்துக்கொள்வது சரியில்லை. தலைப்பு, வழிகாட்டிப் பட்டி, முதன்மைப் பகுதி, அடிப்பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் பொருளுள்ள தனி டேக் வந்துவிட்டது. அவற்றைப் பயன்படுத்தினால் திரைவாசிப்பானில் பட்டியலைத் தாண்டி நேரே செய்திக்குப் போகலாம். ரகங்களின் அட்டவணையை விரல்கடை அகலத் திரையில் காட்ட வழி இரண்டு உண்டு. அட்டவணையை மட்டும் பக்கவாட்டில் நகரவிட்டு, ரகத்தின் பெயருள்ள முதல் பத்தியை நிலையாக நிறுத்துவது ஒன்று. ஒவ்வொரு வரிசையையும் தனிப் பெட்டியாக மாற்றி, ‘வயது’, ‘பருவம்’ என்ற தலைப்பை ஒவ்வொரு மதிப்பின் பக்கத்திலும் மறுபடி காட்டுவது இன்னொன்று. ஒரு ரகத்தைப் பற்றி மட்டும் அறிய வருபவருக்கு இரண்டாவது நல்லது. இரண்டு ரகங்களை ஒப்பிட்டு விதை வாங்க வருபவருக்கு முதலாவதே ஏற்றது. கடலை விவசாயி பெரும்பாலும் ஒப்பிடத்தான் வருவார்.

தமிழுக்கே உரிய தொல்லைகள் வேறு. ‘மாற்றுத்திறனாளிகள்’, ‘விற்பனைக்கூடம்’ போன்ற நீண்ட சொற்கள் ஆங்கிலத்தை அளவாக வைத்துச் செய்த பொத்தானுக்குள் அடங்காமல் திரைக்கு வெளியே போய்விடும். இடமில்லாதபோது சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக ஸ்டைல் கோப்பில் சொல்லிவைக்க வேண்டும். இகர ஈகாரக் கொக்கிகள் மேலேயும் உகர ஊகாரச் சுழிகள் கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழில் நெருக்கியடிக்கும்.

படிவங்களும் மாறுகின்றன. வாப் காலத்தில் எண் மட்டும் தட்டவைக்க ஸ்டைல் கோப்பில் ஒரு தனிக் குறிப்பு எழுதுவார்கள். தொலைபேசி எண்ணைத் தொட்டதும் அழைப்புப் போக, வாப்புக்கே உரிய தனி முகவரி வகை இருந்தது. இன்றைய போன்களுக்கு இரண்டும் புரியாது. எச்.டி.எம்.எல். 5இல் உள்ளிடும் பெட்டிக்கு ‘தொலைபேசி’, ‘எண்’, ‘தேதி’ என்று வகை சொல்லிவிட்டால் போன் தானாகவே பொருத்தமான விசைப்பலகையைக் காட்டும். சர்வே எண்ணைத் தேடுபவருக்கும், தேர்வு முடிவுக்காகப் பதிவெண் தட்டும் மாணவருக்கும் இது எவ்வளவு சிரமத்தைக் குறைக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர்களே அறிவார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் தொட்டால் அழைக்கும் இணைப்பாகவே பக்கத்தில் இருக்க வேண்டும். அதைப் பதாகைப் படத்துக்குள் எழுதி வைத்தால் தொட்டு அழைக்க முடியாது.

மார்க்கப்பைவிட ஆழமான சிக்கல் எழுத்துக் குறியேற்றத்தில் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியேற்றங்கள் இருந்தன. இணையத்தில் டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப், அரசு அலுவலகங்களில் வானவில். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடையும், அது இயங்காத இடங்களுக்கு டேஸ்-16ஐயும் ஏற்றது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அலுவலகத் தட்டச்சு வானவில்லிலேயே நடந்தது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வானவில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து வரும்.

பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று என்று பெயர்த்துவிட முடியாது. ‘செஞ்சி’ என்ற ஊர்ப் பெயரை டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது: முதலில் கொம்பு, பிறகு சகரம். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது: முதலில் சகரம், பிறகு கொம்பு. மாற்றும் மென்பொருள் கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூரில் இன்னும் நுட்பமான கோளாறு ஒளிந்திருக்கிறது. அதன் முதலெழுத்தில் இரட்டைக் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். யூனிகோடில் இந்த ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். அரைகுறை மாற்றிகள் அதைக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவே விட்டுவிடும். பார்க்க வித்தியாசமே தெரியாது. ஆனால் தளத்துக்குள் ‘கோலியனூர்’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாமல் போகலாம். பக்கத்தை ஏற்றும் முன் யூனிகோடின் சீர்படுத்தல் முறையில் ஒருமுறை ஓட்டினால் துண்டுகள் ஒன்று சேர்ந்துவிடும். காலுக்குப் பதில் ரகரம், ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் என்று பழைய தட்டச்சில் நுழைந்த பிழைகளை எந்த மென்பொருளும் முழுதாகப் பிடிக்காது. தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகள் வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும்; மிச்சத்துக்கு மனிதக் கண் தேவை.

யூனிகோடுக்கு வந்தால் கோப்பின் அளவு கூடும் என்ற தயக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதில் உண்மையும் உண்டு. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ‘விழுப்புரம்’ டிஸ்கியில் 7 பைட். யூனிகோடில் 11 குறிகள், 33 பைட். ஆனால் சர்வரில் சுருக்கத்தை இயக்கிவிட்டால், திரும்பத் திரும்ப வரும் குறிகள் என்பதால் இந்த வேறுபாடு பெரிதும் கரைந்துவிடும். சுருக்கத்தை இயக்குவது அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி வேலை.

உண்மையில் எடையைக் கூட்டுவது எழுத்து அன்று. மாவட்டத் தளங்களில் அறிவிப்புப் பட்டியலைத் திறந்தால் தலைப்பு, தொடக்க நாள், கடைசி நாள் என்று செய்தி தமிழில் ஒழுங்காக இருக்கும். கடைசிப் பத்தியில் ‘பார்க்க’ என்ற இணைப்பும் அதன் பக்கத்தில் கோப்பின் அளவும் இருக்கும். அங்கே இருப்பது பிடிஎஃப். பல நேரம் அது கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளை ஸ்கேன் செய்த படம். அங்கன்வாடிப் பணியிட அறிவிப்போ, ஏல அறிவிப்போ, எதுவானாலும் போனில் அதை இரு விரலால் விரித்து விரித்து இடம் வலமாக நகர்த்தித்தான் படிக்க வேண்டும். தேட முடியாது, திரைவாசிப்பான் வாசிக்காது, ஒரு வரியை நகலெடுத்து உறவினருக்கு அனுப்ப வழியில்லை. மேலே இருக்கும் சட்டகம் எச்.டி.எம்.எல். 5. உள்ளே இருக்கும் செய்தி வாப் காலத்துக்கும் முந்தியது. சட்டத் தேவைக்கு ஸ்கேன் படி இருக்கட்டும். அதனுடன் அதே செய்தி எழுத்தாகவும் பக்கத்தில் இருக்க வேண்டும். தகுதி, கடைசி நாள், விண்ணப்பிக்கும் இடம் என்ற மூன்று விவரத்தையாவது தட்டச்சு செய்து போட்டால், வருபவர்களில் பலர் பிடிஎஃப்பைத் திறக்கவே தேவையிருக்காது.

எடை ஏன் முக்கியம் என்பதை 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் காட்டியது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாள்களில் மின்சாரம் போகும், கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓயும், மிச்சமிருக்கும் கோபுரத்தில் எல்லோரும் நெருக்குவார்கள். போனில் 4ஜி குறி 2ஜி ஆகும். நொடிக்கு 40 கிலோபிட் வேகத்தில் 20 கிலோபைட் பக்கம் 4 நொடியில் வந்துவிடும். அதே இணைப்பில் 2 மெகாபைட் ஸ்கேன் கோப்பு வர ஆறரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒருமுறை அறுந்தாலும் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து. நிவாரண முகாம்களின் பட்டியலைப் படமாகப் போடுவதா, எழுத்தாகப் போடுவதா என்ற முடிவு அந்த இரவில் உயிர்ப் பிரச்சினை.

படமே கூடாது என்பதில்லை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராத்தியரின் படைத்தலங்கள் என்ற தொகுப்பில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்கு வர நினைப்பவர் படத்தைப் பார்க்கத்தான் விரும்புவார். அதற்கு எச்.டி.எம்.எல். 5 நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒரே படத்தை மூன்று நான்கு அளவுகளில் சர்வரில் வைத்து, எந்த அகலத்துக்கு எது என்று டேக்கிலேயே எழுதிவிடலாம். போன் தனக்குத் தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்ளும். திரையை நகர்த்தி அருகே வரும்வரை படத்தை இறக்காதே என்று சொல்லவும் ஒரு சொல் போதும். படத்துக்கு மாற்றாக ‘ராஜகிரி மலைமேல் கோட்டை’ என்பது போன்ற விளக்கம் எழுதிவைத்தால், படம் வராத போதும் செய்தி வரும்.

மாற்றிய பக்கத்தைச் சோதிக்க விலை உயர்ந்த போன் தேவையில்லை; மாறாக, மலிவான போனே சரியான அளவுகோல். 2017இல் வந்த ஜியோபோன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடுதிரை கிடையாது; திரை 240க்கு 320 புள்ளி. அதில் ஓடும் காய் ஓஎஸ்ஸின் தொடக்கப் பதிப்பில் இருந்தது பழைய ஃபயர்ஃபாக்ஸ் இயந்திரம். கிரிட் போன்ற புதிய அடுக்கு முறைகள் அதற்குத் தெரியாது. ஆனால் எச்.டி.எம்.எல்.லுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு: தெரியாததைப் பிரவுசர் விட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டும். செய்தி, மார்க்கப்பில் சரியான வரிசையில் எழுதப்பட்டிருந்தால் ஜியோபோனில் ஒரே பத்தியாக, அழகு குறைந்தாலும், முழுதாகப் படிக்கக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு வரையும் பக்கம் அங்கே வெற்றுத் திரையாகவே நிற்கலாம்.

இந்த வேலைக்கு ஆள்கள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருளை ஊர்ப்புற மாணவர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது. எச்.டி.எம்.எல். எழுதச் சாதாரண எழுத்துத் திருத்தி மென்பொருள் போதும். எழுதியது சரியா என்று சரிபார்க்க டபிள்யூ3சியின் சோதனைக் கருவி இலவசம். ஒரு பள்ளியின் அல்லது ஊராட்சியின் பத்துப் பக்கத் தளத்தைப் புதுப்பிப்பது இறுதியாண்டு மாணவர்களுக்குப் பொருத்தமான பயிற்சி.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது முகவரிகள். பக்கம் இடம் மாறும்போது பழைய முகவரியும் பெரும்பாலும் மாறும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 என்ற பதிலைச் சர்வரில் எழுதிவைக்க வேண்டும். பழைய செல்போன் தளத்தின் எல்லா முகவரிகளையும் புதிய தளத்தின் முகப்புக்கே திருப்பிவிடுவது பரவலான தவறு. தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். ரகப் பட்டியலைக் கேட்டவர் ரகப் பட்டியலுக்கே போக வேண்டும். விழுப்புரத்தில் இன்னொரு காரணத்தாலும் முகவரிகள் இடம் மாற வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கல்வராயன் மலை, உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர்ப் பகுதிகளைப் பற்றிய செய்திகளுக்கு அன்றிலிருந்து உரிய இடம் புதிய மாவட்டத்தின் தளம். நகராட்சிகளின் நிலை வேறு. திண்டிவனமும் விழுப்புரமும் நகராட்சி நிர்வாகத் துறையின் பொதுத் தளத்துக்குள் ஊர்ப் பெயரில் கிளைகளாக இருப்பவை. அந்தப் பொதுத் தளத்தின் முகவரி மாறினால் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்புச் சான்று என்று மக்கள் சேமித்து வைத்த இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிடும்.

மாற்றம் முடிந்த பிறகு சில வாரங்களுக்குச் சர்வரின் பதிவேட்டைப் படிப்பது பழகிய கைகளின் வழக்கம். பக்கம் இல்லை என்ற 404 பதில் எந்த முகவரிகளுக்கு அடிக்கடி போயிருக்கிறது என்று பார்த்தால், விட்டுப்போன திருப்பங்கள் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அரசுப் பக்கங்களுக்கு அந்தக் காலம் போதாது. அவற்றின் முகவரிகள் விண்ணப்பப் படிவங்களிலும், துண்டறிக்கைகளிலும், பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் அச்சேறி ஆண்டுக்கணக்கில் புழங்குபவை. அச்சில் இருக்கும் முகவரி வேலை செய்யும்வரை திருப்பமும் இருக்க வேண்டும். அதற்காகும் செலவு சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி.